1,000 கஜ தூர இலக்கு: போல்ட்-ஆக்‌ஷன் ரைபிளையும் கேலிபரையும் எப்படித் தேர்வு செய்கிறார்கள்? முழு விவரம்

1874ஆம் ஆண்டு செப்டம்பர் 26. நியூயார்க் அருகே லாங் ஐலேண்டில் இருந்த க்ரீட்மூர் மைதானம். அமெரிக்க அணிக்கும் அயர்லாந்து அணிக்கும் இடையே 800, 900, 1,000 கஜ தூரங்களில் துப்பாக்கி சுடும் போட்டி. கடைசி ஒரு குண்டு பாக்கி. அயர்லாந்து 931 புள்ளிகள், அமெரிக்கா 930. சுட வேண்டியவர் கர்னல் ஜான் போடைன். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் பாட்டில் உடைந்து அவருடைய கையில் கண்ணாடி கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தார், சுட்டார். குண்டு நடு இலக்கில் பாய்ந்தது. 4 புள்ளிகள். அமெரிக்கா 934 - 931 என வென்றது.

இதில் இன்னொரு சோகமும் உண்டு. அயர்லாந்து வீரர் ஒருவர் அன்று அருமையாக ஒரு குண்டைச் சுட்டார். ஆனால் அது பக்கத்து இலக்கின் நடுவில் பாய்ந்தது. புள்ளி பூஜ்யம். அணி தோற்றது வெறும் 3 புள்ளிகளில். அந்தக் குண்டின் மதிப்பு 4.

நீண்ட தூர துப்பாக்கி சுடுதல் என்ற விளையாட்டே இப்படித்தான். சின்னச் சின்ன தவறுகள் முக்கால் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் பெரிதாகி நிற்கும். இன்று உலகம் முழுக்க பிரபலமாக இருக்கும் ஒரு தோட்டாவுக்கு அந்த மைதானத்தின் பெயர்தான்: 6.5 க்ரீட்மூர்.

சரி, இந்த விளையாட்டுக்குள் புதிதாக வருபவர் எந்த ரைபிளை எடுப்பது? எந்த கேலிபர்? அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் சுடுதளங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விரிவாகப் பார்க்கலாம்.

போல்ட்-ஆக்‌ஷன் என்றால் என்ன?

ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் ஒரு கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, காலி கூட்டை வெளியேற்றி, மறுபடி முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் முறைதான் போல்ட்-ஆக்‌ஷன். ஜெர்மனியின் 1898 மாடல் மவுசர் ரைபிள் இந்த வடிவத்துக்கு இலக்கணம் எழுதியது என்றே சொல்லலாம். இன்று வரும் பல ரைபிள்களிலும் அதன் சாயல் இருக்கிறது.

தானாகவே தோட்டா ஏறும் துப்பாக்கிகள் இருக்கும்போது எதற்கு இந்தப் பழைய முறை? காரணம், துல்லியம். போல்ட் பூட்டிக்கொண்ட பிறகு, குண்டு பேரலை விட்டு வெளியேறும் வரை அது முன்னும் பின்னும் நகர்வதில்லை. தோட்டா ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி உட்காருகிறது. "ஒரே மாதிரி" என்பதுதான் இந்த விளையாட்டின் தாரக மந்திரம்.

தூரம் என்ன செய்கிறது?

1,000 கஜம் என்றால் சுமார் 914 மீட்டர். கிட்டத்தட்ட ஒன்பது கால்பந்து மைதானங்களை வரிசையாக வைத்த நீளம். இந்தத் தூரத்தைக் கடக்க குண்டுக்கு சுமார் ஒன்றரை விநாடி ஆகிறது. அந்த ஒன்றரை விநாடிக்குள் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன.

முதலாவது, ஈர்ப்பு விசை. 100 கஜத்தில் சரியாகப் பொருத்திய ரைபிளை அப்படியே 1,000 கஜத்துக்குக் குறிவைத்தால், .308 வின்செஸ்டரில் வழக்கமாகப் பயன்படும் 175 கிரெயின் (11.3 கிராம்) குண்டு 30 அடிக்கும் மேல் கீழே விழும். 6.5 க்ரீட்மூரின் 140 கிரெயின் (9.1 கிராம்) குண்டு சுமார் 26 அடி விழும்.

பார்க்கப் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறதா? உண்மையில் இது பிரச்சினையே இல்லை. தூரம் தெரிந்தால் எவ்வளவு விழும் என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். ஸ்கோப்பில் உள்ள திருகைத் திருப்பினால் வேலை முடிந்தது.

இரண்டாவது விஷயம்தான் உண்மையான வில்லன். காற்று.

பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் வேகத்தில் காற்று வீசினால், 1,000 கஜத்தில் .308 குண்டு சுமார் 8 அடி தள்ளிப்போகும். 6.5 க்ரீட்மூர் குண்டு சுமார் ஐந்தரை அடி. காற்றை அளக்கும் கருவி சுடுபவரின் பக்கத்தில் வீசும் காற்றைத்தான் சொல்லும். நடுவழியிலும், இலக்கின் அருகிலும் என்ன வீசுகிறது என்பதை புல், கொடி, கானல் அலை இவற்றைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

அந்த ஊகம் மணிக்கு 2 மைல் மட்டும் தவறினால்? .308 குண்டு சுமார் 19 அங்குலம் விலகும். 6.5 சுமார் 13 அங்குலம். அமெரிக்காவின் வழக்கமான 1,000 கஜ இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 20 அங்குலம். அதாவது நடுவிலிருந்து 10 அங்குலம் விலகினாலே 10 புள்ளி போச்சு. எஃப்-கிளாஸ் போட்டியில் இந்த வட்டம் இன்னும் சிறியது, 10 அங்குல விட்டம்தான்.

ஆக, கேலிபர் தேர்வு என்பது "எது அதிக சக்தி வாய்ந்தது" என்ற கேள்வி இல்லை. "காற்றைத் தவறாகப் படித்தால் எது கொஞ்சம் மன்னிக்கும்" என்ற கேள்வி.

முதலில் போட்டி, பிறகு கேலிபர்

புதியவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். நல்ல ரைபிள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கிவிட்டு, போட்டிக்குப் போனால் "இந்த கேலிபருக்கு இந்தப் பிரிவில் அனுமதி இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். எனவே எந்தப் போட்டி என்பதை முடிவு செய்வதுதான் முதல் படி.

* பால்மா: 1876இல் தொடங்கிய கோப்பையின் பெயரில் நடக்கும் போட்டி. 800, 900, 1,000 கஜம். தொலைநோக்கி ஸ்கோப் கிடையாது. படுத்தபடி, தோளில் பட்டை மாட்டி, துளை வழியாகப் பார்த்துச் சுட வேண்டும். கேலிபர் .308 வின்செஸ்டர் அல்லது .223 ரெமிங்டன் மட்டுமே.

* எஃப்-டிஆர்: எஃப்-கிளாஸின் ஒரு பிரிவு. ஸ்கோப் வைத்துக்கொள்ளலாம், முன்னால் இரட்டைக் கால் தாங்கி வைக்கலாம். கேலிபர் இங்கும் .308 அல்லது .223 மட்டுமே. எடை வரம்பு 8.25 கிலோ.

* எஃப்-ஓப்பன்: கேலிபர் தேர்வில் பெரிய சுதந்திரம் உண்டு. கனமான முன்தாங்கிகள் வைக்கலாம். எடை வரம்பு 10 கிலோ. 7 மில்லிமீட்டர் குண்டுகளுக்கு இங்கே நல்ல வரவேற்பு.

* பிஆர்எஸ் எனப்படும் பிரிசிஷன் ரைபிள் சீரிஸ்: 2012இல் அமெரிக்காவில் தொடங்கியது. தடுப்பு, பாறை, ஏணி எனப் பல நிலைகளில் இருந்து, நேரக் கட்டுப்பாட்டுக்குள், வெவ்வேறு தூர எஃகுத் தகடுகளைச் சுட வேண்டும். இங்கே பின்னுதைப்பு குறைந்த 6 மில்லிமீட்டர் தோட்டாக்கள்தான் ராஜா.

எஃப்-கிளாஸ் என்ற பெயரில் உள்ள எஃப், கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்க்குவார்சன் என்பவரைக் குறிக்கிறது. வயதாகி, பட்டை மாட்டிப் படுத்துச் சுடுவதும் துளை வழியாகப் பார்ப்பதும் கடினமானவர்களும் தொடர்ந்து விளையாட வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த பிரிவு இது.

.308 வின்செஸ்டர்: பழசு, ஆனால் வேஸ்ட் இல்லை

1952இல் சந்தைக்கு வந்தது. நேட்டோ படைகளின் 7.62×51 தோட்டாவின் நெருங்கிய உறவு. தோட்டா பல கம்பெனிகளில் கிடைக்கும். பேரல் நீண்ட நாள் உழைக்கும். பொதுவாக 5,000 தோட்டாக்கள் வரை கூட துல்லியம் தாங்கும் என்கிறார்கள் அனுபவசாலிகள்.

குறை என்ன? 1,000 கஜத்தை எட்டும்போது குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். அந்தக் கட்டத்தில் குண்டின் பயணம் கொஞ்சம் தடுமாறும். காற்றுக்கும் அதிகம் இடம் கொடுக்கும்.

ஆனால் இதையே நன்மையாகப் பார்ப்பவர்களும் உண்டு. ".308இல் காற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டவர் எதிலும் சுடுவார்" என்பது சுடுதளங்களில் சொல்லப்படும் பேச்சு. தவறை மறைக்காமல் முகத்துக்கு நேராகக் காட்டிவிடும் வாத்தியார் மாதிரி.

6.5 க்ரீட்மூர்: ஏன் இவ்வளவு மவுசு?

ஹார்னடி நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய தோட்டா. இதன் ரகசியம் குண்டின் வடிவத்தில் இருக்கிறது. நீளமாக, ஒல்லியாக, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். இதை அளக்கும் எண்ணுக்கு பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்று பெயர். எண் அதிகமானால் காற்றின் தடை குறைவு. .308இன் 175 கிரெயின் போட்டிக் குண்டுக்கு இது சுமார் 0.5. க்ரீட்மூரின் 140 கிரெயின் குண்டுக்கு சுமார் 0.65.

இரண்டும் பேரலை விட்டுக் கிளம்பும்போது வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான், விநாடிக்கு 800 மீட்டரை ஒட்டி. ஆனால் க்ரீட்மூர் குண்டு போகிற வழியில் வேகத்தை அவ்வளவு சீக்கிரம் இழப்பதில்லை. 1,200 கஜத்தைத் தாண்டியும் ஒலியை விட வேகமாகப் போகும். பின்னுதைப்பும் .308ஐ விடக் குறைவு.

இதற்கும் ஒரு விலை உண்டு. பேரல் ஆயுள் சுமார் 2,000 முதல் 3,000 தோட்டாக்கள். முக்கியமாக, பால்மா, எஃப்-டிஆர் போட்டிகளுக்கு இதைக் கொண்டு போக முடியாது.

மேக்னம் வாங்கினால் இன்னும் நல்லதுதானே?

.300 வின்செஸ்டர் மேக்னம், .338 லபுவா மேக்னம் போன்றவை பெரிய தோட்டாக்கள். ஒரு மைல், அதற்கு மேலும் சுட நினைப்பவர்களுக்கு அவை பொருந்தும். ஆனால் முதல் ரைபிளாக இதை எடுப்பது பெரும்பாலும் தப்பான முடிவாகவே முடிகிறது.

காரணம் தோள். ஒவ்வொரு முறையும் பலமாக உதைக்கும் ரைபிளைச் சுடும்போது, ட்ரிகரை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்பே உடம்பு தன்னை அறியாமல் இறுகும், கண் மூடும். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடுபட மாதக்கணக்கில் ஆகும். தோட்டா விலையும் அதிகம். பேரலும் சீக்கிரம் தேயும். பல சுடுதளங்கள் இவற்றை அனுமதிப்பதும் இல்லை.

எதிர்ப்பக்கம் 6 மில்லிமீட்டர் தோட்டாக்கள். 6 டேஷர் போன்றவற்றில் உதைப்பு மிகக் குறைவு. சுட்ட பிறகு ஸ்கோப் இலக்கை விட்டு விலகாது. தன் குண்டு எங்கே பட்டது என்பதை சுடுபவரே பார்த்து, அடுத்ததைத் திருத்திக்கொள்ளலாம்.

பேரல் தேய்மானம்: உண்மையான கணக்கு

"க்ரீட்மூர் பேரல் சீக்கிரம் போயிடும்" என்று பயப்படுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் போட்டித்தரத் தோட்டா ஒன்றின் விலை சுமார் 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2,500 தோட்டா சுட்டுப் பேரல் தேயும்போது, தோட்டாவுக்கு மட்டும் 5,000 டாலர் செலவாகியிருக்கும். புதிய பேரலின் விலை அதில் ஒரு சிறு பங்குதான். பேரல் என்பது காரின் டயர் மாதிரி. தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். அதைவிட பெட்ரோல் செலவுதான் பெரிது.

ரைபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

பேரல்: கனமாக இருக்க வேண்டும். சூடானாலும் வளையாமல் நிற்கும். ஸ்டாக் எங்கேயும் பேரலை உரசக் கூடாது. ஒரு தாளை இரண்டுக்கும் நடுவில் விட்டு இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும்.

முறுக்கு விகிதம்: பேரலுக்குள் இருக்கும் திருகுக் கோடுகள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகின்றன என்பது இது. நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். 6.5 க்ரீட்மூருக்கு 8 அங்குலத்தில் ஒரு சுற்று, .308க்கு 10 அங்குலத்தில் ஒரு சுற்று என்பது பரவலான தேர்வு. .223இல் இது இன்னும் முக்கியம். 12 அங்குலச் சுற்று கொண்ட பழைய வேட்டை ரைபிளில் 80 கிரெயின் நீளக் குண்டைப் போட்டால், அது நிலைபெறாமல் புரண்டுகொண்டே போகும்.

ட்ரிகர்: எடை குறைவாக, இழுக்கும்போது இழுபடாமல் சட்டென்று விடுபட வேண்டும். எடையை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் நல்லது.

ஸ்டாக்: கன்னம் வைக்கும் உயரமும், தோளில் பதியும் நீளமும் மாற்றக்கூடியதாக இருந்தால் உடம்புக்குப் பொருத்திக்கொள்ளலாம். கழுத்தை வளைத்துப் பார்த்துச் சுடுபவரால் நாள் முழுக்க ஒரே மாதிரி சுட முடியாது.

உதிரிபாகங்கள்: 1962இல் வந்த ரெமிங்டன் 700 இன்றும் பேசப்படக் காரணம் இதுதான். அதன் அளவுக்குப் பொருந்தும் ட்ரிகர், ஸ்டாக், பேரல் எல்லாம் ஏராளம். அந்த அளவையே பின்பற்றி வேறு பல கம்பெனிகளும் ரைபிள் செய்கின்றன. ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ், ஸ்பெயினின் பெர்காரா பி-14, அமெரிக்காவின் ரூகர் பிரிசிஷன் ரைபிள், ஜப்பானின் ஹோவா 1500 ஆகியவை தொடக்கநிலையினர் அதிகம் பரிசீலிக்கும் பெயர்கள்.

ஸ்கோப்: பாதி பட்ஜெட் இங்கே

ரைபிளுக்கு எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு ஸ்கோப் வாங்குவது இன்னொரு பொதுவான தவறு. ரைபிளுக்குச் செலவழிக்கும் அளவு ஸ்கோப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்பதே சுடுதள வழக்கு.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. எம்ஓஏ என்பது கோண அளவு. 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், 1,000 கஜத்தில் சுமார் பத்தரை அங்குலம். .308ஐ 1,000 கஜத்துக்குக் கொண்டுபோக சுமார் 38 எம்ஓஏ மேலே ஏற்ற வேண்டும். ஒரு ஸ்கோப்பின் மொத்த ஏற்ற இறக்கம் 60 எம்ஓஏ என்றால், நடுவிலிருந்து மேலே ஏற்ற 30 மட்டுமே இருக்கும். எட்டாது! அதனால்தான் 20 எம்ஓஏ சாய்வு கொண்ட தாங்கியை ஸ்கோப்புக்கு அடியில் வைக்கிறார்கள். இப்போது 50 கிடைக்கும். 1,000 கஜம் கைக்குள் வந்துவிடும்.

இன்னொரு அளவு மில். 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 1,000 மீட்டரில் 1 மீட்டர். எதை எடுத்தாலும் சரி, உள்ளே தெரியும் கோடுகளும் வெளியே உள்ள திருகும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போட்டி நேரத்தில் மனக்கணக்கு போட்டே நேரம் ஓடிவிடும்.

தோட்டாவும் சமமாக இருக்க வேண்டும்

ஒரே பெட்டியில் இருந்து எடுத்த இரண்டு தோட்டாக்களுக்கு இடையே வேகம் விநாடிக்கு 20 அடி மட்டும் வித்தியாசப்பட்டாலே, 1,000 கஜத்தில் குண்டு அரை அடிக்கு மேல் ஏறியோ இறங்கியோ படும். 100 கஜத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் விலை குறைந்த தோட்டாவை 100 கஜத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு "சூப்பரா சுடுது" என்று நம்புபவர்கள், 1,000 கஜத்தில் ஏமாந்து போகிறார்கள்.

பாதுகாப்பு: விட்டுக்கொடுக்க முடியாதது

பேரலில் பொறித்துள்ள கேலிபர் பெயரும், தோட்டாப் பெட்டியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 6.5 க்ரீட்மூர் வேறு, 6.5×55 ஸ்வீடிஷ் வேறு. இரண்டும் 6.5தானே என்று மாற்றிப் போடக் கூடாது. இந்த ரகக் குண்டுகள் கிலோமீட்டர் கணக்கில் பறக்கக் கூடியவை என்பதால், பின்னால் உயர்ந்த மண்மேடு உள்ள அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில் மட்டுமே சுட வேண்டும். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்தியாவில் கதை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இந்த ரக ரைபிளைத் தொடக்கூட முடியாது. 2019இல் கொண்டுவந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3இல் இருந்து 2 ஆகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தனி விலக்குகள் உண்டு. ராணுவத்தின் .303, 7.62 தோட்டாக்களை ஏற்றிச் சுடக்கூடிய ரைபிள்கள் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. .308 அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது.

அதனால் இந்தியர்கள் சாதித்த களம் வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில். அதில் பயன்படுவது .22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டா.

அந்தச் சின்னத் தோட்டாவை நீண்ட தூரப் போட்டியாளர்களும் விடுவதில்லை. .22ஐ 200 கஜத்தில் சுட்டால் காற்று அதைப் படுத்தும் பாடு, பெரிய தோட்டா நீண்ட தூரத்தில் படும் பாட்டுக்கு நல்ல ஒத்திகை. செலவு மிகக் குறைவு. தோளும் வலிக்காது.

சுருக்கமாக...

* பால்மா, எஃப்-டிஆர் ஆசை என்றால் .308 அல்லது .223. வேறு வழியில்லை.
* எஃகுத் தகடு, பொதுவான நீண்ட தூரப் பயிற்சி என்றால் 6.5 க்ரீட்மூர் பாதுகாப்பான தொடக்கம்.
* அனுபவம் வந்து, போட்டியில் முன்னேற நினைத்தால் 6 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் பக்கம் போகலாம்.
* மேக்னம் முதல் ரைபிளாக வேண்டாம்.
* பட்ஜெட்டை ரைபிள், ஸ்கோப், தோட்டா என மூன்றாகப் பிரிக்க வேண்டும். மூன்றாவதை மறப்பவர்கள்தான் அதிகம்.

1874இல் க்ரீட்மூரில் அயர்லாந்து அணி வாய் வழியாக மருந்திட்டு நிரப்பும் பழைய முறை ரைபிள்களையும், அமெரிக்க அணி பின்பக்கம் தோட்டா ஏற்றும் புதிய ரைபிள்களையும் பயன்படுத்தின. அன்றும் "எந்தத் துப்பாக்கி பெஸ்ட்" என்ற விவாதம் சூடாக நடந்தது. ஆனால் 2,000க்கும் குறைவான புள்ளிகள் பகிரப்பட்ட அந்தப் போட்டியின் முடிவைத் தீர்மானித்தது இரண்டே குண்டுகள். ஒன்று, காயம்பட்ட கையோடு நிதானம் இழக்காமல் சுட்டது. இன்னொன்று, சரியாகச் சுட்டும் தப்பான இலக்கைச் சுட்டது.